நாலு புள்ளி இரண்டு

மந்தைவெளியில் எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பெண்கள். பத்தாவதைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்று வருகிறவர்கள். அவர்களுக்குக் கணக்கு சொல்லித் தருவது நான். எனக்குக் கோபமும் சீக்கிரம் வரும், சந்தோஷமும் சீக்கிரம் வரும். தசமம் ஆரம்பித்த வாரத்தில் கோபம்தான் நிறைய வந்தது.

காரணம் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சாந்தோமில், ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் செய்கிற பட்டறையில் வேலை. பத்தாவது பாஸ் பண்ணினால் சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகவே வேலை முடிந்த கையோடு மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவார். முழு எண்ணெல்லாம் அவருக்கு ஜுஜுபி. பின்னம் அதைவிட. இரண்டரையும் ஒன்றரையும் எவ்வளவு என்று கேட்டு வாய் மூடுவதற்குள் நாலு என்பார். அதையே 2.5 + 1.5 என்று போர்டில் எழுதினால் 4.2 என்று போட்டு வைப்பார். எத்தனை தடவை திருத்தினாலும் அதே 4.2.

அன்றைக்குச் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்தேன். தசமக் கூட்டல் அத்தனையும் தப்பு. அக்கா தாளைப் பார்த்தார், பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நாளைலேர்ந்து நான் வரல டீச்சர். இது நமக்கு மண்டைல ஏறாது."

தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். 1.7 + 1.3 = 3.2. 3.4 + 2.4 = 6. ஏனோதானோவென்று போட்ட மாதிரியே இல்லை. உள்ளே ஏதோ ஒரு ஒழுங்கு கண்ணாமூச்சி காட்டியது. இந்த 4.2 எப்படி வந்தது, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"இதுல இன்னா கீது? அஞ்சு நூலும் அஞ்சு நூலும் பத்து நூல். எட்டு நூல் போனா ஒரு இன்ச்சு. மீதி ரெண்டு நூல்."

இன்ச்சில் எட்டில் ஒரு பங்குக்குப் பட்டறையில் நூல் என்று பேர். புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அக்கா நூலாகப் படித்திருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தேன். பின் பெஞ்சில் இருந்தவர்கள் பல்லி விழுந்துவிட்டதோ என்று மேலே பார்த்தார்கள்.

கூட்டினதில் தப்பே இல்லை, புள்ளிக்கு அப்புறம் எட்டுக்குப் பதில் பத்து, அவ்வளவுதான் என்றேன். பத்து நூலுக்கு ஒரு இன்ச்சு எந்த டேப்பில் இருக்கிறது என்று அக்கா முறைத்தார். உங்கள் டேப்பை எடுங்கள் என்றேன். பையிலிருந்து வந்தது. இன்ச்சுக்கு எதிர் விளிம்பைக் காட்டினேன். அங்கே சென்டிமீட்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பாகம். அந்தப் பக்கத்தைப் பட்டறையில் யாரும் சீந்துவதில்லையாம். விரல் நகத்தால் எண்ணிக்கொண்டே போனவர் இரண்டைத் தாண்டி ஐந்தாவது கோட்டில் நின்றார்.

"பத்துல அஞ்சு பாதி. அப்ப இது ரெண்டரையா டீச்சர்?"

ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா நின்றபடியே என் பேனாவைப் பிடுங்கி எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டார். 4.2 இருந்த இடத்தில் 4. மற்றதும் ஒன்று விடாமல் சரி.

அப்புறம் டேப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் அஞ்சு நூலைப் புள்ளி வைத்து எப்படி எழுதுவது என்று கேட்டார். வாட்ச்மேன் சாவியோடு வாசலில் வந்து நின்றிருந்தார். அதற்கு வகுத்தல் வேண்டும், இன்றைக்கு நேரமில்லை என்றேன்.

"அப்ப நாளைக்கு சீக்கிரமா வந்துடறேன் டீச்சர்."