தலையணை வரைந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பெண்கள் அம்மாவை வளைத்துக்கொள்வார்கள்.

“அக்கா, என் பொண்ணு புத்தகத்தையே தொட மாட்டேங்குறா. என்ன குடுக்கலாம்?”

அம்மா உடனே பதில் சொல்ல மாட்டாள். “எதுக்குச் சிரிப்பா? சண்டை போட்டா முதல்ல அவ பேசுவாளா, நீ பேசுவியா? பூச்சின்னா பயமா?” என்று டாக்டரைப் போல விசாரிப்பாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதுவாள். புத்தகத்தின் பெயர், வயது, கீழே ஒரு குறிப்பு. ‘காய்ச்சல் நாளுக்கு நல்லது.’ ‘நாய் சாகும், முன்னாடியே சொல்லிவிடவும்.’ ‘அப்பாவும் கூட உட்கார வேண்டும், தப்பிக்க விடாதே.’

எங்கள் மூன்று பேரையும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவளே பள்ளிக்கூடம். சாப்பாட்டு மேசை பதினோரு மணிவரை வகுப்பறை. ஈரத் துணியால் ஒரு துடைப்பு, மறுபடியும் மேசை. காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் மனப்பாடம், அப்புறம் கணக்கு. நான் அங்கிருந்து எழுந்து, தராசுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. வார இறுதியில் வீட்டுக்கு வருவேன். தம்பிக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஒன்பது. அவர்கள் இன்னும் மேசையை விடவில்லை.

சனிக்கிழமை லீவு என்று பெயர். மாவு பிசையக் கூப்பிட்டால் பின்னம் வரும். துணி காயப்போடப் போனால் ஆவியாதல் வரும். “லீவுன்னு சொன்னீங்களே” என்பான் தம்பி. “பாடமா நடத்துறேன்? பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்” என்பாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாசிப்பு. சின்ன ஜெபம், பிறகு புதுப் புத்தகம். அம்மா உரக்கப் படிப்பாள். பைபிளைத் தவிர எந்தப் புத்தகத்துக்கும் இந்த வீட்டில் பரீட்சை உண்டு. பரீட்சை வைத்தவர் அப்பா, அவருக்கே தெரியாமல்.

அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடியுமுன் போய்விடுவார். சனிக்கிழமை மதியம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் சொருகும். நல்ல புத்தகம் என்றால் சொருகாது. அவர் தூங்கிப்போன பக்கத்தின் ஓரத்தில், கொண்டையில் செருகிய பென்சிலை உருவி அம்மா ஒரு தலையணை வரைவாள். நான்கு மூலை, நடுவில் ஒரு பள்ளம். தலையணை இல்லாத புத்தகம் மட்டுமே ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் ஏறும்.

“நான் தூங்கல. கண்ணை மூடிக் கேட்டேன்.”

“அப்படியா? கப்பல் என்னாச்சு, சொல்லுங்க.”

“கரை சேர்ந்துச்சு.”

“இது மலை ஏறுற கதைங்க. இதுல தண்ணியே கிடையாது.”

என் தொழிலில் இத்தனை நம்பகமான கருவியை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை பிசகியது. தேனீ வளர்ப்புக் கையேடு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை விழித்திருந்து கேட்டார். அன்று அவருக்குப் பல்வலி.

அப்பா இறந்து நான்கு மாதம். மாரடைப்பு. செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில். அதற்குமேல் எழுத எனக்கு வராது.

அன்றிலிருந்து நான் தூங்குவது இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. அம்மா சனிக்கிழமை வாசிப்பை நிறுத்தவில்லை. ஆனால் எடுப்பதெல்லாம் பழைய புத்தகம். ஞாயிறன்று யாராவது கேட்டால், “புதுசா ஒண்ணும் பார்க்கலம்மா” என்கிறாள். அலமாரியில் பதினொரு புத்தகங்கள் திறக்காமல் கிடக்கின்றன. பெண்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அம்மாவும் வாசலில் நிற்பதில்லை. அவள் இனி சீட்டே எழுத மாட்டாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை சின்னவள் அந்தப் பதினொன்றில் ஒன்றை உருவி அம்மா மடியில் போட்டாள்.

“பழசெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைப் படிங்க.”

“இதுக்கு மார்க் போட யார் இருக்கா?” அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

“அக்காவை உட்கார வைங்க” என்றான் தம்பி. “தராசுக்கே மார்க் போடுறவதானே?”

நான்கு மாதமாக யாரும் உட்காராத நாற்காலி. உட்கார்ந்தேன். அப்பாவின் முதுகளவுக்குக் குழிந்திருந்தது. எனக்கு இரு பக்கமும் இடம் மிச்சம்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். ஜெபித்தாள், வழக்கத்தைவிடச் சுருக்கமாக. புத்தகத்தைத் திறந்தாள்.

கலங்கரை விளக்கத்தில் வளரும் இரட்டையர் கதை. முதல் அத்தியாயத்தில் ஓர் ஆடு படியேறி உச்சிக்குப் போய்விடுகிறது, இறங்கத் தெரியவில்லை. அம்மா ஆட்டுக்கு மூக்கால் பேசினாள். தம்பி தரையில் உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் விளக்குக்கு எண்ணெய்ப் பீப்பாய்கள் வந்து இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றாக. ஏழாவது பீப்பாய் வரை நினைவிருக்கிறது.

“அம்மா, அக்கா அவுட்! பக்கம் இருபத்திரெண்டு!” சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்பாவா இருந்தா மூணாவது பீப்பாய்லயே போயிருப்பாரு!”

“ஷ்... எழுப்பிடாதே. பிள்ளை தூங்கி எத்தனை நாளாச்சு.”

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இமை இடுக்கில் தெரிந்தது. அம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். பக்க ஓரத்தில் நான்கு மூலை, நடுவில் ஒரு பள்ளம். அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாக வரைந்தாள்.