எங்கள் சாமி மேற்றிராணியார் ஆகக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் புதிய ஆயரின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா திரும்பி முறைத்தார். ஒரு மனுஷர் ஆயராகிவிடக் கூடாதென்று நாங்கள் செபமாலை சொன்ன கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடமாவது சொல்கிறேன்.

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். நனைந்த கம்பளி வாசமடிக்கிற எங்கள் சின்னக் கோயிலுக்கு மாதம் ஒரு ஞாயிறு பூசை வைக்கப் பாதிரியார் வருவார்; சாமி என்றுதான் கூப்பிடுவோம். மன்னார்க்காரர். அவருக்கு முன்பு இருந்தவர் வெள்ளைக்காரர்; நல்ல மனுஷர்தான், ஆனால் நாங்கள் பேசுவதில் பாதி அவருக்குப் புரியாது. சவரியம்மாவின் தாய் சாகக் கிடந்து செய்த பாவங்களைச் சொல்லிக் கடைசிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அவர் சும்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

"எங்காத்தா சொன்னது கடவுளுக்குப் போய்ச் சேந்துச்சோ என்னமோ" என்று சவரியம்மா புலம்புவாள். கொழுந்து பறிக்கிறவள். வாய் திறந்தால் மலை முழுக்கக் கேட்கும்.

புதிய சாமி மழையென்று பார்க்காமல், சனம் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறி வருவார். சாக்கை விரித்து உட்கார்ந்து, சொல்கிறதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்தச் சமயம் மேற்றிராணியார் இடம் காலியாக இருந்தது. சாமிமாருக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரை அப்போது அப்படித்தான் சொல்வோம். எங்கள் சாமி வேறு தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள், கண்டியிலிருந்து ஒரு குருவானவர் வந்தார். கோயிலடியில் நின்று பேச்சுவாக்கில், "உங்க சாமி எப்படி?" என்று விசாரித்தார். செபம் சொல்லித் தருகிற உபதேசியார் என் காதில் கிசுகிசுத்தார்.

"நம்ம சாமிய மேற்றிராணியாரா ஆக்கப் பாக்குறாங்க டீச்சர். இப்புடித்தான் ரகசியமா விசாரிப்பாங்க. மூணு சாமிமாரு பேரு ரோமாபுரிக்குப் போகும். பாப்பரசர் அதுல ஒருத்தர எடுப்பாரு."

பாராளுமன்றத்துக்கே ஓட்டில்லாமல் ஆக்கப்பட்ட சனம் நாங்கள். எங்கள் அபிப்பிராயம் கேட்டு யாரும் படியேறியதில்லை. அதிசயமாக ஒருவர் வந்து கேட்கிறார். நல்லதைச் சொன்னால் சாமி போய்விடுவார்!

சவரியம்மா முந்திக்கொண்டாள். "ஐயோ, அவுங்களா? பிரசங்கம் வச்சாங்கன்னா வீட்டுல ஒலத்தண்ணி வத்திப் போயிருமுங்க. கோவம் வேற மூக்கு மேல வருமுங்க."

"பாட்டு சுத்தமா வராதுங்க" என்றார் உபதேசியார்.

நான் சும்மா இருப்பேனா? "கொஞ்சம் சோம்பேறிங்க" என்றேன். மழையில் மலையேறுகிற மனுஷரை! கூடி நின்றவர்களும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள்.

வந்தவர் முகம் சுண்டிப்போனது. மலையிறங்கிப் போய்விட்டார். அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் நம்பி, தண்டனையாக சாமியை எங்காவது மாற்றிவிட்டால்?

அடுத்த பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு என்றுமில்லாத வரிசை. சாமியைப் பற்றிப் பொய் சொன்னது பாவம். அதைச் சொல்ல அவரை விட்டால் வேறு சாமியும் இல்லை. என் முறை வந்தது.

"பொய் சொன்னேன் சாமி."

"யாரைப் பற்றி?"

"உங்களப் பத்திதான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பலகை குலுங்கியது. மனுஷர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "ஒரு செபமாலை சொல்லுங்கோ" என்றார் கடைசியில்.

வெளியே வந்தால் எல்லோருக்கும் அதே அபராதம். ஒன்றாக முழங்காலிட்டுச் சொன்னோம். சாமி போகக் கூடாதென்ற வேண்டுதலையும் அதிலேயே சேர்த்துக்கொண்டோம்.

சில வாரம் கழித்துப் புதிய மேற்றிராணியாரின் பெயரைச் சாமியே வாசித்தார். வேறொருவர்! "அப்பாடா!" என்று சவரியம்மா கோயிலென்றும் பாராமல் சத்தமாகச் சொல்லிவிட்டாள். எங்கள் பொய் ரோமாபுரி வரை எட்டியதோ, சாமியின் பெயர் அந்த மூன்றில் இருந்ததோ இல்லையோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். வீடு போகும் வழியெல்லாம் பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டு போனேன்.

சாமி எங்களோடேயே இருந்தார். சனம்தான் இருக்கவில்லை. இங்கே எத்தனை பேர், பாட்டன்மார் வந்த இந்தியாவுக்கு எத்தனை பேர் என்று பிறகு இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. அப்போது எங்களை யாரும் கேட்கவில்லை. குடும்பம் குடும்பமாகக் கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள். அந்த லயங்கள் இன்று இல்லை. கோயில் இருந்த இடத்தில் தேயிலை நிற்கிறது.

சவரியம்மா புறப்பட்ட அன்று தலவாக்கலை ஸ்டேஷனுக்குச் சாமியும் வந்திருந்தார். அவள் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"ஒங்களப் போகவுடாம புடிச்சு வச்சோமே சாமி, எங்களப் புடிச்சு வைக்க ஒருத்தருமே இல்லையா?"