மலையிலிருந்து வார்த்தை இறங்கும்வரை

போடியில் எங்கள் அலுவலகத்தில் சர்வர் வைத்திருக்கும் கண்ணாடி அறையின் சுவரில், நெட்வொர்க் கேபிள் செருகும் துளைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் கேபிள் உண்டு. கடைசித் துளை மட்டும் காலி. போன வாரம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஏதோ புதுக் கருவியைப் பொருத்த வந்த பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இது காலியாத்தானே இருக்கு, இதுல போட்டுக்கவா?" என்று கேட்டார். கேட்கும்போதே வயர் பாதி தூரம் போய்விட்டது. "அதுல வேணாம்" என்றேன். ஏன் என்றார். சொல்ல ஆரம்பித்தால் அவருடைய மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும் என்பதால் வேறொரு இடத்தைக் காட்டிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் துளையிலிருந்த நீலக் கேபிளைப் பிடுங்கியவர் எங்கள் கணினிப் பிரிவின் மேலாளர். எல்லாருக்கும் அவர் மேடம். நான் பக்கத்துச் சிலமலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஜாவா புரோகிராமர். எங்கள் நிறுவனம் ஏலக்காய் ஏலம் நடத்துவது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளைத் தரம் பிரித்து, மாதிரி எடுத்து, வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் விலை கேட்க வைப்பது. யாருடைய காய், எந்தத் தோட்டம், என்ன தரம், கேட்ட விலைக்கு அவர் சம்மதித்தாரா என்பதெல்லாம் மேடம் கட்டி வளர்த்த தரவுத்தளத்தில் இருந்தது. போடியில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்த்து, பிறகு தானாகவே திரும்பி வந்தவர் அவர். ஊரே மணக்கிற ஏலக்காய் அவருக்கு ஆகாது. டீக்கடையில் நின்று "ஏலக்காய் போடாம ஒண்ணு" என்று கேட்க போடியில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என்னிடமும் கத்துவார், நானும் திருப்பிக் கத்துவேன். அதற்காக அவர் என்னை ஒருநாளும் பழிவாங்கியதில்லை.

தலைமை அலுவலகம் ஒரு பெரிய வணிக மென்பொருளை வாங்கியபோது தொடங்கியது வம்பு. விற்பனை, வரி, சரக்குக் கிட்டங்கி எல்லாம் இனி அதில்தான். விவசாயிகளும் வியாபாரிகளும் போனிலேயே பார்த்துக்கொள்ள சென்னையில் எழுதும் ஒரு ஜாவா வலைச் செயலி வரும். அந்தச் செயலியையும், சென்னையில் இருக்கும் பெரிய மென்பொருளையும், போடியில் இருக்கும் எங்கள் தரவுத்தளத்தையும் ஒன்றோடொன்று பேச வைப்பது என் சோலி. வெளியே இருப்பவர்களுக்கு இது மந்திரம் மாதிரித் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பந்தி வீடுகளுக்கு நடுவே தூது போகிற வேலை. தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்புகளைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்போம். செயலி அதில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்து வருபவருக்கு இணைப்பு இல்லாமல் எல்லாம் நின்றுவிடும். அப்படி நின்ற அன்றைக்கு மேடம் சென்னைக்காரர்களுக்குப் போன் போட்டு, "பக்கத்து வீட்டுல சொம்பு வாங்குனா திருப்பிக் குடுக்கணும்னு ஒங்க ஊர்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டார். அதன் பிறகு எங்கள் அறையில் அந்தப் பிழைக்குச் சொம்பு என்றே பெயர்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு விற்பனை, சென்னையிலும் ஏற வேண்டும், போடியிலும் ஏற வேண்டும். ஒன்றில் ஏறி மற்றொன்றில் ஏறாவிட்டால் குழப்பம். அதனால் எதையும் பதியும் முன் நடுவிலிருக்கும் மென்பொருள் இரண்டு பக்கமும் "தயாரா?" என்று கேட்கும். இரண்டும் தயார் என்று சொன்னால்தான் பதியும். ஒரு பக்கம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது தலைமை அலுவலகம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்தில் யார் அதிக விலை கேட்டாலும், காய்க்கு உடையவர் "சரி" என்று சொல்லும்வரை அது விற்ற காய் ஆகாது. கட்டுபடி ஆகவில்லை என்றால் "எடுத்துக்கிறேன்" என்று சொல்லி மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். குரங்கணிக்கு மேலே உள்ள சரிவுகளில் போனில் ஒரு கோடு சிக்னல் வருவதே பெரிய காரியம். ஆகவே விலை ஜீப்பில் மேலே போகும், பதில் அடுத்த ஜீப்பில் கீழே வரும். இதை வார்த்தை இறங்குவது என்போம். வார்த்தை இறங்கவில்லை என்றால் காய் விற்கவில்லை, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் வியாபாரிகள்கூட அந்த வழக்கத்தை மீறியதில்லை.

மேடத்தின் தரவுத்தளத்தில் இதற்காக ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆம் இருக்கும், அல்லது இல்லை இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. எதுவுமே இல்லாவிட்டால் வார்த்தை இன்னும் இறங்கவில்லை என்று பொருள். ஜாவாவில் ஆம், இல்லை என்பதை வைக்க இரண்டு வகை உண்டு. ஒரு வகை காலியையும் தாங்கும். இன்னொரு வகைக்குக் காலி என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சென்னைக்காரர்கள் இரண்டாவதை எடுத்திருந்தார்கள். அத்தோடு விடாமல், குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அதை ஆம் என்று எடுத்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்கள். சோதித்துப் பார்க்கையில் என் கண்ணில் இது பட்டது. யாரோ கவனக்குறைவாகச் செய்தது என்று நினைத்துத் தகவல் அனுப்பினேன். கவனமாகத்தான் செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சென்னைக் குழுவின் திட்டத் தலைவர் நேரிலேயே போடிக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாமல் பேசுபவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "மேடம், வடக்கே உட்கார்ந்து போன்ல விலை கேக்கறவங்க, உங்க ஜீப் மலையேறி இறங்கற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. வேற ஊர் காய்க்குப் போயிடுவாங்க" என்றார்.

"அப்ப பதில் வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கங்க. ஏன் ஆமான்னு எடுக்குறீக?"

"வியாபாரம் நிக்கக் கூடாதில்லையா?"

"பதில் வராட்டியும் ஆமான்னா, அப்புறம் எதுக்குக் கேக்குறது? கேக்காமலே வித்துட்டுப் போகலாம்ல?"

அவர் சிரித்துக்கொண்டே, "மௌனம் சம்மதம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே மேடம்" என்றார். பேச்சை இலகுவாக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மேடம் மடிக்கணினியை மூடினார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப தலையக் குனிஞ்சு வாயத் தெறக்காம ஒக்காந்திருந்தவ நான் சார். சம்மதம்னு அவுகளா முடிவு பண்ணித் தட்டு மாத்திட்டாக. அந்த வீட்டுலருந்து வெளிய வந்து பெங்களூருக்கு பஸ் ஏற எனக்கு எத்தனை வருசமாச்சுன்னு நான் சொல்லப் போறதில்ல. மௌனத்தப் பத்தி எங்கிட்டப் பேசாதீக."

அவருக்கு ஒரு கல்யாணம் நடந்திருந்தது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திட்டத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விதியை மாற்றவில்லை.

புது அமைப்பு ஓடத் தொடங்கியது மழை விட்டிருந்த ஒரு காலையில். திட்டத் தலைவர் கூடத்தில் வியாபாரிகளோடு நின்றார். நானும் மேடமும் சர்வர் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தவை எல்லாம் போடியிலேயே இருந்தவர்களின் காய். போனில் சரி என்றார்கள், சென்னையிலும் போடியிலும் அழகாக ஏறியது. என் வேலை சரியாக ஓடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. பிறகு குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்காவின் காய் வந்தது. புருஷன் இல்லாமல் தனியாகத் தோட்டத்தைப் பார்ப்பவர். மழையில் மண் சரிந்ததுபோக மிஞ்சிய செடிகளில் எடுத்த காய் அது. இந்தக் காய் அடிமாட்டு விலைக்குப் போனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று மூட்டையை இறக்கியபோது எங்களிடம் சொல்லியிருந்தார். கூடத்தில் யாரும் ஆர்வம் காட்டவில்லை. கேட்ட விலை, கேட்கவே கூசுகிற விலை. மேடம் அந்த அக்காவின் போனுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி அடித்தார். அதே குரல். திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் திட்டத் தலைவருக்குப் போன் போட்டு, இதை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்றேன். ஒன்றுக்காக விதியை மாற்ற முடியாது என்றார்.

மேடம் எழுந்தார். அவசரமே இல்லாமல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய், சென்னைக்குப் போகும் நீலக் கேபிளைப் பிடுங்கினார். சுருட்டிக் கைப்பையில் வைத்தார். திரையில் நேரம் முடிந்தது. நடுவிலிருந்த மென்பொருள் இரண்டு பக்கமும் தயாரா என்று கேட்டது. சென்னை தயார் என்றிருக்கும். போடியிலிருந்து பதில் இல்லை. விற்பனை ஏறவில்லை, காய் அந்த அக்காவின் பெயரிலேயே நின்றது.

திட்டத் தலைவர் ஓடி வந்தார். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. எங்க பக்கம் பதில் சொல்லல, அம்புட்டுத்தான். பதில் வரலைன்னா நடக்கலைன்னு எடுத்துக்கிறணும்னு ஒங்க மிசினுக்கு நீங்களே எழுதி வச்சிருக்கீக. மிசினுக்கு ஒரு ஞாயம், மலையில இருக்குற பொம்பளைக்கு ஒரு ஞாயமா?"

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை, ஆனால் திட்டத் தலைவர் "அந்தக் கேபிளை வாங்கி மாட்டுங்கம்மா" என்று என்னிடம் திரும்பியபோது, "மாட்ட மாட்டேன் சார்" என்றேன். அந்தச் சொற்களுக்கு முன்னும் பின்னும் நான் தலைமை அலுவலகத்தார் எவரிடமும் அப்படிப் பேசியதில்லை என்று எழுதினால் அடக்கமாக இருக்கும். ஆனால் பின்னால் நிறையப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஜீப்பில் அந்த அக்கா இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னோம். "நான் எதுவுமே சொல்லலையேத்தா. சொல்லாததச் சொன்னேன்னு எப்படி எழுதுவாக?" என்று மட்டும் கேட்டார். மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் பார்த்தவரிடமெல்லாம் அதையே கேட்டிருக்கிறார். சென்னை இணைப்பை வேறொரு துளையில் புதுக் கேபிள் போட்டு மீட்டார்கள். அடுத்த ஏலத்துக்குக் கூடத்தில் வியாபாரிகள் இருந்தார்கள், திரை இருந்தது, காய் இல்லை. வாசலில் ஜீப்புகள் நின்றன. மூட்டைகள் ஜீப்பிலேயே இருந்தன. யாரும் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், "வார்த்தை இறங்குனாத்தான் மூடை இறங்கும்" என்றார். தலைமை அலுவலகம் முரண்டு பிடித்துப் பார்த்தது. பிறகு விதியை மாற்றியது. பதில் வராவிட்டால் இல்லை என்றே பொருள் என்று அந்த வரியை மாற்றி எழுதியது என் கை. என் வாழ்நாளில் எழுதிய நிரல்களில் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எனக்குத் தலைக்கனம் உண்டு.

ஆனால் மேடத்தை அவர்கள் விடவில்லை. விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். நினைவூட்டல் வந்தது, அதையும் வைத்தார். பதில் எழுதாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதி வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று கடைசியாக வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "பாத்தியா, இன்னும் திருந்தல" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் அழுதேன். வாசல்வரை போனவர் திரும்பி, "அழுதுக்கிட்டே சொம்பத் திருப்பிக் குடுக்க மறந்துறாத" என்றார்.

இப்போது குரங்கணிக் காப்பி விவசாயிகளுக்காகப் போடியிலேயே சின்னதாக ஒரு மென்பொருள் வேலை எடுத்து நடத்துகிறார். அவரைத் தேடாத நாள் எங்கள் அறையில் இல்லை. தலைமை அலுவலகத்தில் ஆட்கள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் கட்டிய தரவுத்தளத்தின் அருமை தெரிந்து, பழையதை மறந்து திரும்பி வர வேண்டும், அதே பதவி காத்திருக்கிறது என்று செய்தி அனுப்பினார்கள். என் மூலமாகவும் சொல்லச் சொன்னார்கள். போய்ச் சொன்னேன். ஏலக்காய் போடாத டீ போட்டுக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார், காப்பிச் செடியைப் பற்றிப் பேசினார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த ஆணியில் அந்த நீலக் கேபிள் சுருட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் வந்த பொறியாளர், ஊருக்குக் கிளம்பும் முன் மேடம் திரும்பி வருவாரா என்றும் விசாரித்தார். தலைமை அலுவலகத்தில் கேட்டுவரச் சொன்னார்களாம். "அந்த மேடம் ஒண்ணும் சொல்லலைன்னு கேள்விப்பட்டேன். அப்ப வர்றாங்கன்னு வச்சுக்கலாமா?" என்றார்.

நான் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "வார்த்தை இன்னும் இறங்கல" என்று அந்தக் காலித் துளையைக் காட்டினேன்.