துப்பாக்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு

அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கத்துக் காப்பெல் ஊரில், சுப்பையனை வீட்டுக்குக் கூப்பிடப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆள் கெட்டவர் இல்லை, தங்கமானவர். ஆனால் உள்ளே நுழைந்ததும் கதவின் கீலைப் பார்ப்பார், நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார், புதிதாக மாட்டிய ஃபேனுக்குக் கீழே நின்று காதைக் கொடுத்துக் கேட்பார். அப்புறம் யாரும் கேட்காமலே தீர்ப்பு வரும்: "ஸ்க்ரூ ஒண்ணு லூசா இருக்குதுங்க." கிரகப்பிரவேசத்துக்கு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாதம் அந்த ஃபேன் ஆடத்தான் செய்யும்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். மனைவி நாகமணிக்கு ஐ.டி. வேலையில் அமெரிக்கா வரும் வாய்ப்புக் கிடைத்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, நூலளவு பார்க்கிற வெர்னியர் காலிப்பர் ஒன்றைச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தை பிரீத்தியோடு கூடவே வந்துவிட்டார். மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர் வேலைக்குப் போக முடியாது. கிரீன் கார்டு வரும்வரை சமையல், துணி மடிப்பு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது. ஊரிலிருந்து யாராவது ஃபோனில் "மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?" என்று கேட்டால் நாகமணி பேச்சை மாற்றிவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. என்னவென்றுதான் சொல்லுவாள், பாவம்?

அந்த வருஷங்களில் அவருக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒரே சரக்கு மகள்தான். யானை படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். "அப்பா, பாஸா ரிஜெக்டா?" இவர் காலிப்பரை எடுத்துத் துதிக்கையில் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அளப்பார். "கொஞ்சம் நீளம். சரி போ, பாஸ்." குழந்தை சிரித்துச் சிரித்துத் தரையில் விழும். வளர வளர அவளிடம் தமிழ் தேய்ந்து போனது. இவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் போகவே இல்லை. பள்ளிக்கூட டான்ஸுக்குப் போட்ட உடுப்பிலிருந்து டென்டல் ஸ்கூலுக்கு எழுதிய கட்டுரை வரை எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் பாஸ் வாங்கிக்கொண்டுதான் போனாள். இவரும் சும்மா பாஸ் போட மாட்டார். சரியில்லை என்றால் சரியில்லைதான். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கிரீன் கார்டு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, வெளிநாட்டிலிருந்து மலிவு விலைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்கிற ஒரு கோடவுனில். எறும்பைக்கூட மிதிக்காத சுப்பையனுக்குத் துப்பாக்கி வேலை! கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்கோ பம்ப்பும் ஒன்றுதான், துப்பாக்கியும் ஒன்றுதான். இரண்டிலும் அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பட்டாளத்து ரைஃபிள்கள் பெட்டி பெட்டியாக வரும். ஒருமுறை குண்டு ஏற்றிவிட்டால் ஒவ்வொரு சுடுதலுக்கும் அடுத்த குண்டைத் தானே உள்ளே தள்ளிக்கொள்ளும் ரகம். மேலே கெட்டியான கிரீஸ் அப்பியிருக்கும். ஒன்றில் குறி பார்க்கும் முனை கோணலாக நிற்கும், ஒன்றில் குண்டுப் பெட்டி சரியாக உட்காராது, இன்னொன்றில் உள்ளே பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். கொடுக்கிற விலைக்கு அவ்வளவுதான் வரும் என்று வாங்குகிறவர்களும் தாங்களே அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ரிஜெக்ட் ஆன ஒன்றை மேனேஜர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, சுப்பையன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாகமணி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரீத்தி மட்டும் கராஜில் வந்து குந்தினாள். அப்பனும் மகளுமாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு கிரீஸை எடுத்தார்கள், பிசிறை அரம் போட்டு மழித்தார்கள், கோணல் முனையை நிமிர்த்தினார்கள். அதில் அவர் மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குண்டின் பின்னால் வந்து மூடுகிற இரும்புக் கட்டைக்கு போல்ட் என்று பெயர். அதற்குள்ளே ஓர் ஊசி, ஸ்பிரிங் எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கும். விசையை அழுத்தினால் அந்த ஊசிதான் போய்க் குண்டைக் குத்தும். உள்ளே அழுக்கு சேர்ந்து ஊசி முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், விசையைத் தொடாமலே, போல்ட் முழுசாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே குண்டு வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் போல்ட்டைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும். ஊசி உள்ளே கலகலவென்று ஓடுகிற சத்தம் கேட்டால்தான் பாஸ்.

படிக்கப் போன பிரீத்தி லீவுக்கு வரும்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் இருவரும் டென்டன் ஊரைத் தாண்டியிருக்கிற, துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போய்விட்டு வருவார்கள். கார் ஏறியதும் அவள் கேட்பாள்: "அப்பா, கலகல?" இவர் சொல்வார்: "பாஸ் கண்ணு."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பிரீத்தி வந்திருந்தாள். டென்டல் ஸ்கூலில் இரண்டாம் வருஷத்தை நல்ல மார்க்கில் முடித்திருந்தாள். நாகமணிக்குக் கால் தரையில் படவில்லை. வருஷா வருஷம் கராஜில்தான் பூஜை. கார், லேப்டாப், டிரில்லிங் மெஷின், காலிப்பர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ரைஃபிளுக்கு மட்டும் கிடையாது. "அந்தப் பீடைக்கு நான் வெக்க மாட்டேன்" என்று அத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வருஷம் தானே போய் அதை எடுத்துவரச் சொன்னாள். அப்பனும் மகளும் சிரித்துப் பேசுகிறது இதை வைத்துத்தானே, இதுக்கும் ஒரு பொட்டு வெச்சா என்ன என்றாள். திறந்து வைத்திருந்த போல்ட்டின் முன்பக்கம் வட்டமாக ஒரு முகம் மாதிரி இருந்தது; நடுவில் ஊசி எட்டிப் பார்க்கிற துளை. அந்த இடத்தில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மகளுக்காகத்தான் கும்பிட்டாள், அதைச் சொல்லவும் வேண்டுமா?

சுப்பையன் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.  வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலத்திலிருந்து அவள் தன் கைப்பட அவருடைய ஒரு பொருளையும் இப்படித் தொட்டதில்லை. பூஜை முடிந்ததும் ரைஃபிளை அப்படியே பைக்குள் வைத்து, முனை கீழே இருக்க மூலையில் சாய்த்தார். சனிக்கிழமை காலையில் வழக்கம்போல போல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. கழற்றினால் கழுவ வேண்டும், கழுவினால் அது போய்விடும். இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே என்று நினைத்தார். மேலாகத் துணியால் ஒற்றிவிட்டுப் பையை மூடிவிட்டார். ஊர் வீட்டு ஃபேனுக்கெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்கிற மனுஷன், அன்றைக்குக் கேட்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தவன் சும்மாவா சொன்னான்.

காரில் ஏறியதும் பிரீத்தி கேட்டாள். "அப்பா, கலகல?"

"பாஸ் கண்ணு," என்றார்.

ரேஞ்சில் பிரீத்திதான் முதலில் உட்கார்ந்தாள். குண்டுகளை ஏற்றி, வலது கையால் போல்ட்டைப் பின்னால் இழுத்துவிட்டாள். அது முன்னால் ஓடி மூடுவதற்குள் வெடித்துவிட்டது. வெடித்தது குழாய் வழியாக முழுசாகப் போகாமல் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்தது. அவள் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது. டாக்டர்கள் தைத்தார்கள், ஒட்டினார்கள், விரல்கள் மடங்கவும் நீட்டவும் செய்தன. தொட்டால் தெரிகிற உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. இன்னொருத்தர் வாய்க்குள்ளே ஊசி பிடிக்கிற வேலைக்கு உணர்ச்சி இல்லாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் நாகமணி ஆஸ்பத்திரியில் இருக்க, சுப்பையன் வீட்டுக்கு வந்து கராஜில் அந்த போல்ட்டைப் பிரித்தார். ஊசி முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொண்டு நின்றது. துளையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ கெட்டியாகக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். கருகின வெடிமருந்து வாடையையும் மீறிச் சந்தனம் மணத்தது. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து, வெந்நீர் வைத்து, ஊசி கலகலவென்று ஓடும்வரை கழுவினார். அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது. ரைஃபிளைப் போலீசில் கொடுத்து அழித்துவிடச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

பிரீத்தி அவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான், இங்கிலீஷில் கேட்டாள். நீங்கள் குலுக்கிப் பார்த்தீர்கள்தானே? பார்த்தும் நடந்ததுதானே? கட்டிலின் அந்தப் பக்கம் நாகமணி மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல கண்ணு," என்றார் சுப்பையன். "பாக்கல. மறந்துட்டேன்."

"பட் யூ செட் பாஸ்," என்றாள் அவள்.

 பெற்ற மகளின் கையைத் தன் கையாலே கெடுத்தோம் என்று தெரிந்தால் நாகமணி உயிரோடு இருக்க மாட்டாள் என்பது அவருக்கு நிச்சயம். பழி ஒருத்தர் தலையில் விழுந்துதான் ஆக வேண்டுமென்றால் அது தன் தலையாகவே இருக்கட்டும். பார்க்காமல் பாஸ் போட்டது தான்தானே, அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பிரீத்தி டென்டல் ஸ்கூலை விட்டாள். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போனாள். அம்மாவிடம் பேசுவாள். அப்பா ஃபோனை எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்பாள். கை போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பொய்யான பாஸை அவளால் மன்னிக்க முடியவில்லை. நாகமணியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள்: "நான் பொட்டு வெச்சு, சாமி கும்புட்டுத்தானுங்க குடுத்தேன். இவரு பாக்காம உட்டுட்டாரு." சொல்லும்போது சுப்பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆமாங்க, நான்தான் பாக்கல என்பார். கோடவுன் வேலையையும் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் கதவையும் நாற்காலியையும் அவர் பார்ப்பதே இல்லை.

மறு வருஷ ஆயுத பூஜைக்கு பிரீத்தி வரவில்லை. அதற்கடுத்த வருஷம், அம்மா அழுத அழுகைக்காக வந்தாள். கராஜில் அதே பூஜை. நாகமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்து காலிப்பரை எடுத்தாள். அளவெடுக்கிற இரண்டு அலகுகளுக்கு நடுவில் சந்தனத்தைத் தடவப் போனபோது, சுப்பையனின் கை தன்னையறியாமல் குறுக்கே வந்துவிட்டது.

"அங்க வேண்டாம் மணி. உள்ள போயிரும்."

"அதென்னங்க புதுசா?" என்றாள் நாகமணி. "அன்னைக்கு அந்த போல்ட்டு மூஞ்சியில, நடுநெத்தியில, ஓட்டை தெரியாத அளவுக்கு அப்புனேன். அப்ப ஒண்ணும் சொல்லலயே?" என்று சொல்லிவிட்டு, கற்பூரத் தட்டை எடுக்க உள்ளே போனாள்.

பிரீத்தி அசையாமல் நின்றாள். அந்த போல்ட்டைக் கொதிக்கவைத்து, அரம்போட்டு, காதில் வைத்துக் குலுக்கிப் பழகியவள் அவள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அவள் தமிழில்தான் பேசினாள். திக்கித் திக்கி வந்தது. "உங்களுக்குத் தெரியுமாப்பா? இவ்ளோ நாளும்?"

"உங்கம்மா தாங்க மாட்டா கண்ணு."

"நான் தாங்கினேனா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "உங்கள ஹேட் பண்ண விட்டுட்டீங்களேப்பா. ரெண்டு வருஷம்."

  பொண்டாட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து மகளிடமிருந்து தகப்பனைப் பிடுங்கிக்கொண்டோம் என்பது அந்த நிமிஷம்தான் சுப்பையனுக்கு உறைத்தது. இருவரும் அதற்கு மேல் பேசுவதற்குள் நாகமணி தட்டோடு வந்துவிட்டாள். மகளின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, பழசை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டாள்.

"கையும் ஆயுதந்தான் சாமி. குடு," என்று பிரீத்தியின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். தழும்பு ஓடிய கட்டைவிரல் நுனியில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போதுதான் அரைத்த சந்தனம். "சில்லுனு இருக்குதா கண்ணு? தெரியுதா?"

பிரீத்தி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"தெரியுதும்மா," என்றாள். "சில்லுனு இருக்கு."

நாகமணி நிம்மதியாகக் கற்பூரத்தைப் பற்றவைத்தாள். அந்த விரலில் நெருப்பு பட்டாலும் தெரியாது என்பது சுப்பையனுக்குத் தெரியும். மகள் பொய்யாகப் பாஸ் போடுவதை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.