அஜந்தன் வாசித்த மோசமான அல்பம்

பதுளையில் கல்யாணமோ, சடங்கோ, கோயில் திருவிழாவோ, மே தினக் கூட்டமோ, எதுவாக இருந்தாலும் முன்பெல்லாம் அஜந்தனுடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் போகும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, டவுனுக்கு வந்து, சவுண்ட் சேர்விஸ் ஒன்றை ஆரம்பித்து, அந்தப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கியே முதுகைக் கெடுத்துக்கொண்ட ஆள். வயது ஐம்பதை நெருங்குகிறது. இப்போது வேலை குறைவு. சின்ன விசேஷம் என்றால் வீட்டுக்காரர்களே போனையும் ஒற்றைப் பெட்டியையும் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். அஜந்தனுக்கு அதில் கோபமில்லை. குனிந்து நிமிர்கிற வேலை ஒன்று மிச்சம் என்றுதான் நினைப்பான்.

அவன் ஒரு இசைக்குழுவில் ஓர்கன் வாசித்தவன் என்பது அவனோடு வேலை செய்கிற பையன்களுக்கே தெரியாது. அவனும் சொன்னதில்லை.

குழுவின் பெயர் மேல்கணக்கு. தோட்டத்தின் மேல் பகுதியை அப்படித்தான் சொல்வார்கள். மூன்று பேர். அஜந்தன் ஓர்கனும் பாட்டும். பதுளை பசாரில் கசட் கடை வைத்திருந்தவரின் மகன் றுஷ்தி ட்ரம்ஸ். பக்கத்து லயத்து அந்தோனி கிட்டார். றுஷ்தியின் மாமா அப்புத்தளையில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் விடுதி நடத்தினார். அவர்கள் விட்டுவிட்டுப் போகிற கசட்டுகள் எல்லாம் றுஷ்தியின் கைக்கு வரும். அப்படி வந்ததுதான் புரோகிரசிவ் ரொக். ஒரு பாட்டு கசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். பாட்டுக்கு நடுவில் ராஜாக்கள், கிரகங்கள், கடவுள்கள் எல்லாரும் வந்து போவார்கள். அட்டையில் பறக்கும் மலை இருக்கும். மூன்று பேரும் வாயைப் பிளந்தபடி கேட்டார்கள். கேட்டதில் பாதி வெறும் இழுவை என்று ஒருவனுக்கும் அப்போது விளங்கவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அவர்களும் ஒரு அல்பம் போட்டார்கள். பெயர் ‘பிரபஞ்சத்தின் ஏழாவது கதவு.’ ஒரே பாட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. டவுனில் ஒரு மண்டபத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, இரவல் ஓர்கனை வைத்துப் பதிந்தார்கள். மழை ஈரத்தில் ஓர்கனின் ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. பழுது பார்க்க நேரமில்லை. ஆகவே பாட்டின் முதல் பாதி முழுக்க ‘ஊம்’ என்று ஒரு சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு ஓர்கனின் பியூசும் போனது. அஜந்தன் மண்டியிட்டு பியூஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, டேப் ஓடுகிறதே என்று றுஷ்தி தனியாக ட்ரம்ஸ் அடித்துத் தள்ளினான். அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கசட் விற்கவில்லை. விற்காததை எல்லாம் றுஷ்தியின் வாப்பா எடுத்து, அதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்து விற்றுவிட்டார். அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை. குழு கலைந்தது. அந்தோனி டிரைவர் வேலைக்குக் கட்டார் போனான். சில வருடம் கழித்து, அங்கேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. போன வருடம், கசட் சேகரிக்கிற ஒரு நோர்வேக்காரர் எங்கேயோ தப்பிப் பிழைத்த ஒரு பிரதியைக் கண்டுபிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார். றுஷ்திதான் முதலில் பார்த்தான். இப்போது அதே பசாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“மச்சான், நம்மட பாட்டு! ஆயிரக்கணக்கான ஆக்கள் கேட்டீக்கிறாங்க. பாருடா, என்னெல்லாம் எழுதீக்கிறாங்கன்னு!”

அஜந்தன் பார்த்தான். ஆசியாவின் தொலைந்துபோன பொக்கிஷம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அடியில் ஓடும் அந்த ஒற்றைச் சுரம் தியானத்தின் உச்சம் என்றார் இன்னொருவர். கட்டை இறுகிய கதை அவருக்கு எப்படித் தெரியும்? ட்ரம்ஸ் தனியாக வரும் இடம் தொழிலாளியின் இதயத்துடிப்பாம். கனடாவிலிருந்து ஒரு தமிழர் பாட்டு வரிகளை எடுத்துவைத்து நீளமாக விளக்கியிருந்தார். கதவு என்பது லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறை வீட்டின் கதவு, ஏழு என்பது ஏழு தலைமுறை அடிமைத்தனம் என்று.

முதல் வாரம் அஜந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மாதம் அலுப்பு வந்தது. யார் யாரோ போன் பண்ணினார்கள். பேட்டி கேட்டார்கள். கையில் ஓர்கன் வைத்திருக்கிற பழைய படம் கேட்டார்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லுணுகலைக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தி, நோர்வேக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அதை இசைத்தட்டாக வெளியிடப் போகிறாராம்.

ஒரு நாள் மத்தியானம் தன் சவுண்ட் கடையை மூடிவிட்டு, பழைய கசட் கேட்பதுபோல அதை முதலிலிருந்து கடைசி வரை கேட்டான். ஒரு தொழில்காரனின் காதோடு கேட்டான். மோசம். தன் ஓர்கன் மோசம், தன் பாட்டு அதைவிட மோசம். றுஷ்தியின் தாளம் நடுவில் இரண்டு தரம் தடம் மாறுகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும், மூன்று நிமிடம்போல, அந்தோனியின் கிட்டார் தனியாக வருகிறது. பறக்கும் மலையும் இல்லை, கிரகமும் இல்லை. ஒருவன் யாருக்காகவும் அவசரப்படாமல் நடந்து போவதுபோல இருந்தது. பிறகு மறுபடியும் ஓர்கன் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கொழும்பிலிருந்து நிலக்ஷனா என்ற பெண் இணைய வானொலிக்காகப் பேட்டி எடுத்தாள். அவளுடைய தாய்வழி லுணுகலைப் பக்கம். மரியாதையாகப் பேசினாள்.

“அங்கிள், மலையகத்து வலிய பிரபஞ்சத்தோட சேர்த்துப் பாடணும்னு உங்களுக்கு எப்பிடித் தோணிச்சு?”

“அப்பிடியெல்லாம் இல்லம்மா. எங்களுக்கு அப்ப லயத்தப் பத்திப் பாட வெக்கம். டவுன்ல யாரும் தோட்டத்தான்னு சொல்லிருவாங்களோன்னு பயம். லயத்தப் பத்திப் பாடக்கூடாதுன்னுதான் பிரபஞ்சத்துக்கே போனோம்.”

அஜந்தன் தொடர்ந்தான்.

“இன்னொண்ணும் சொல்லிர்றேன். அந்த அல்பம் நல்லா இல்ல. ரொம்ப நீளம். வெளிநாட்டுக்காரன் செஞ்ச தப்பையெல்லாம் நாங்களும் பார்த்துச் செஞ்சிருக்கோம். புகழ்றவங்க அளவுக்கு மிஞ்சிப் புகழ்றாங்க.”

பேட்டி வெளியானபோது அதற்கு வைத்த தலைப்பு, ‘ஒரு மேதையின் தன்னடக்கம்.’ அஜந்தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஆவணியில் வேறொன்று நடந்தது. இந்த வகை இசையை விமர்சிக்கிற ஒரு இங்கிலாந்துக்காரர், புரோகிரசிவ் ரொக்கில் அளவுக்கு மிஞ்சிப் புகழப்பட்ட அல்பங்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டார். பெரிய பெரிய பெயர்களுக்கு நடுவில் மேல்கணக்கும் இருந்தது. அபூர்வம் என்பது தவிர இதில் ஒன்றுமில்லை, தூரத்து ஊர் என்பதற்காகவே பாராட்டுகிறார்கள், இதை இங்கிலாந்துப் பையன்கள் செய்திருந்தால் யாரும் பத்து நிமிடம் தாங்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அஜந்தன் இரண்டு தரம் படித்தான். மாதக்கணக்கில் முதல் தடவையாக யாரோ தன்னோடு பேசியதுபோல இருந்தது. கீழே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ‘நீங்கள் சொல்வது சரி’ என்று எழுதினான். அவனுடைய கணக்கில் சவுண்ட் சேர்விஸின் பெயர்தான் இருந்தது.

ரசிகர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். காது கேளாதவன் என்றான் ஒருவன். அந்த மக்களின் துயரம் உனக்கு எங்கே விளங்கப் போகிறது என்றான் இன்னொருவன். போய்க் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டு என்று மூன்றாமவன் எழுதினான். அஜந்தன் அதற்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டத்தான் இருந்தது.

றுஷ்திக்குத்தான் தாங்கவில்லை.

“உனக்கு என்னடா பிரச்சின? வாழ்க்கையில ஒரே ஒரு நல்லது நடந்தீக்கி. அதையும் நீயே கெடுக்கிற.”

“நல்லதுன்னு நீ நெனைக்கிறியா? கேட்டுப் பாத்தியா முழுசா?”

“கேட்டேன்.”

“முழுசா?”

றுஷ்தி வேறு பக்கம் பார்த்தான். “பாதி,” என்றான். “கடையில ஆள் வந்திட்டு.”

அந்த வாரமே அஜந்தனின் கடைக்கு நேசராணி வந்தாள். அந்தோனியின் மனைவி. ஸ்பிரிங்வெளியில் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். டவுனுக்குச் சாமான் வாங்க வந்தால்கூட இந்தப் பக்கம் வராதவள். பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“பேட்டிய எங்க காம்பராவுல புள்ளைங்களோட அம்மாக்கள் போட்டுக் காட்டுனாங்கண்ணே. அந்தப் பாட்டு நல்லா இல்லன்னு சொல்லிட்டீங்க.”

“ஆமா நேசராணி.”

“அதுல அவரும்தானே இருக்காரு?”

அஜந்தன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“நீ கேட்டிருக்கியா?”

“எங்க கேட்டேன்? கல்யாணத்துக்கு முந்தி செஞ்சது. வீட்ல ஒரு கசட்டு இருந்திச்சு. போட்டா ஏதோ சினிமாப் பாட்டுத்தான் வந்திச்சு. போன்ல கொஞ்சம் கேட்டேன். ஒண்ணும் வெளங்கல.”

கடைக்குள் இருந்த பெரிய பெட்டிகளில் அவளுக்குப் போட்டுக் காட்டினான். நேசராணி கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். ‘ஊம்’ என்ற சத்தம் ஓடியது. அஜந்தனின் இளவயதுக் குரல் காலத்தையும் கல்லையும் பற்றி ஏதோ பாடியது. கொஞ்ச நேரத்தில் அவள் கை அவிழ்ந்தது. பையிலிருந்த சாமானைச் சரி பார்த்தாள். கொட்டாவியை அடக்கினாள்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க,” என்றாள். “மெஷின் ஏதும் ரிப்பேரா? ஒரே சத்தமா வருது.”

அஜந்தனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தான். அவளும் முதலில் பயந்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ட்ரம்ஸ் தனியாக வந்தபோது இருவருக்கும் கண்ணில் தண்ணீர். “இவரு எப்பண்ணே நிப்பாட்டுவாரு?” என்றாள். “பியூஸ் கட்டி முடியிற வரைக்கும்,” என்றான் அஜந்தன்.

அதற்குப் பிறகு கிட்டார் வந்தது. வாசிப்பது யார் என்று அஜந்தன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேசராணி சிரித்த முகத்தோடேயே அசையாமல் இருந்தாள். வெளியே பஸ்காரன் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். அவள் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தை விலக்கிக் கிட்டாரை மட்டும் கேட்டாள்.

ஓர்கன் மறுபடி தொடங்கப் போகிற நேரம் கையை நீட்டினாள்.

“இதோட நிப்பாட்டிருங்கண்ணே.”

நிறுத்தினான்.

“வீட்ல இப்பிடித்தான் வாசிப்பாரு,” என்றாள். “புள்ள தூங்கட்டும்னு மெதுவா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “மத்ததெல்லாம் நல்லா இல்லன்னு நீங்க தாராளமா சொல்லுங்க. உண்மதானே. இத மட்டும் சேத்துச் சொல்லாதீங்க.”

அந்த மூன்று நிமிடத்தைத் தனியாக வெட்டி அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தான். பிறகு நோர்வேக்காரருக்கு எழுதினான். முழுதும் வேண்டாம், இதை மட்டும் போடுங்கள் என்று. அவர் மிகவும் பணிவாக மறுத்தார். முழுமைதான் அதன் அழகு என்றார். அஜந்தனுக்கு வாதாடத் தெம்பில்லை. கிட்டார் வாசித்தவரின் பெயரை அட்டையின் முன்பக்கம் போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். அதற்கு அவர் சம்மதித்தார்.

இசைத்தட்டு வந்ததையொட்டிக் கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் மேல்கணக்கின் நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். றுஷ்தி மூன்று மாதம் கடையின் பின்னால் தகர டப்பாக்களில் அடித்துப் பழகினான். அஜந்தன் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். றுஷ்தி முகத்தைத் தொங்கப்போட்டான். ஆனால் அவனைத் தனியாக அனுப்பவும் அஜந்தனுக்கு மனம் வரவில்லை.

“நான் சவுண்ட் பாக்கிறேன்டா,” என்றான். “அதாச்சும் எனக்குத் தெரியும்.”

அப்படியே மண்டபத்தின் பின்பக்கம், மிக்ஸருக்கு முன்னால் நின்றான். கொழும்புப் பையன்கள் இரண்டு பேர் ஓர்கனும் கிட்டாரும். மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணை மூடியபடி நிறையப் பேர் தலையாட்டினார்கள். இறுகிய கட்டையின் சத்தத்தைக்கூட ஓர்கன் பையன் விசேஷமாக ஒரு கருவி வைத்துச் செய்திருந்தான். றுஷ்தியின் தாளம் அதே இரண்டு இடத்தில் தடம் மாறியது. ஆனாலும் வேர்த்து வழிய, பல் தெரியச் சிரித்துக்கொண்டு அடித்தான். அவனை அப்படிப் பார்த்து எத்தனை வருடம். அஜந்தன் ட்ரம்ஸின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

பக்கத்தில் நின்ற ஒரு இளைஞன், காதலியோடு வந்தவன்போல, மெல்லக் குனிந்து கேட்டான்.

“அண்ணே, இது எப்ப முடியும்?”

“இன்னும் பாதி இருக்கு தம்பி.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் அவன் அவசரமாக.

“எதுத்தாப்ல கடை ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. எனக்கும் ஒரு பிளேன்டீ கொண்டாங்க, சீனி கொறைச்சு.”

அவர்கள் போனார்கள். அஜந்தன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மற்றக் கையை மிக்ஸரில் வைத்தபடி மிச்சப் பாட்டும் முடியும்வரை நின்றான்.