தலையணைக்கு அடியில் ஒரு நிலா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். எங்கள் பக்கம் அதைக் கர்க்கடகம் என்போம். பனச்சமூட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அம்பூரியில் ரப்பர் பால் வெட்டப் போன என் கணவர், சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தார். பிளேட் வைத்தாகிவிட்டது, இனி எழுந்து உட்காரலாம், மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். நான் வைத்துவிட்டுப் போகும் கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். இந்த மனுஷன் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்ற பயம் எனக்கு.

நான் அண்டியாபீசில் வேலை பார்க்கிறேன். முந்திரிக்கொட்டை உடைத்துத் தோல் உரிக்கும் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். சுபாவத்தில் நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டி விற்ற மீனையும் வீட்டில் வந்து இன்னொரு தடவை மோந்து பார்ப்பேன்.

அப்படிப்பட்ட என் வீட்டுப் பின்னறையில் ஒருவன் வாடகைக்கு வந்தான். அதியன்னூர்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். ஜப்பானில் ஏதோ முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தானாம், அடுத்த விசாவுக்குக் காத்திருக்கிறானாம். கோயிலுக்கும் போகமாட்டான், சர்ச்சுக்கும் போகமாட்டான். என்னைக் கண்டால் இடுப்பை வளைத்துக் குனிவான். இவ்வளவு பணிவு எதற்கு என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் வந்து போகிறான் என்பதும் தெரிந்தது. சாயங்காலம் வந்தால் கட்டிலுக்குக் கீழே இரண்டு சாயா கிளாஸ் கிடக்கும். ஜன்னல் சாத்தியிருக்கும். கணவரிடம் கேட்டால், ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையை உதறினேன். தலையணைக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு அட்டை விழுந்தது. கெட்டியான அட்டை. பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. முன்பக்கம் ரத்தச் சிவப்பு வானம், கீழே மொட்டைக் கறுப்பு மலை, நடுவில் பெரிய வெள்ளை நிலா. ஒரு எழுத்து இல்லை, எண் இல்லை.

மறுநாள் அண்டியாபீசில் பக்கத்தில் இருப்பவளிடம் முந்தானைக்குள் மறைத்துக் காட்டினேன். அவள் தொடவே இல்லை.

“மக்கா, இது கூடோத்திரமாக்கும். கட்டிலுக்குள்ள வச்சாச்சுன்னா ஆளு எழும்பவே செய்யாது.”

செய்வினையை நாங்கள் கூடோத்திரம் என்போம். முட்டை, தகடு, தலைமயிர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படம் இதுதான் முதல் தடவை. ஜப்பானில் படித்துவிட்டு வந்த வித்தை என்றால் புதுமாதிரியாகத்தானே இருக்கும் என்று நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். அவளே ஒரு மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அட்டையை வெற்றிலையில் வாங்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்து, அது சுடுகாட்டு மலை என்றார். வைத்தவன் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறான் என்றார். நான் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். கறுப்புக் கயிறு ஒன்றை மந்திரித்துத் தந்து, அட்டையை ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது. காலில் கயிறு கட்டினேன், மறுக்காமல் கட்டிக்கொண்டார். மனுஷன் எவ்வளவு பயந்து கிடக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையை ஆற்றில் எறிந்துவிட்டு நேரே பின்னறைக்குப் போய், எங்களுக்கு அறை வேண்டும், காலி பண்ணித் தர வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

“செரி சேச்சி. அண்ணன் நடக்கது வரைக்கும் இருக்கலாம்னு நெனச்சேன்” என்றான்.

அவர் நடப்பதற்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? என் சந்தேகம் இன்னும் முறுகியது.

அந்த வாரமே ஒரு நாள், கரண்ட் போய் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வாசல் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் சுற்றி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

என் கணவர் சம்மணம் போட முடியாத காலை நீட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரே அவன். நடுவில் ஒரு சிவப்புத் துணி, அதன்மேல் பூப்பூவாக அந்தக் குட்டி அட்டைகள். கணவர் ஒரு அட்டையை ஓங்கி அடித்தார்.

“கொய் கொய்! எலே, எனக்கு இன்னும் உண்டு, நிறுத்தமாட்டேன்!”

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான புதிதில் அவருக்குச் சீட்டுப் பைத்தியம். மகள் பிறந்தபோது அவள் தலையில் கை வைத்து, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். நான் அட்டையை நீட்டியபோது அவர் முகம் வெளுத்தது, சத்தியத்தை மீறியது எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான். காரணம் கேட்காமல் அறையைக் காலி பண்ணச் சம்மதித்தானே அந்தத் தம்பி, அதுவும் இவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான்.

ஜப்பான்காரர்களின் பூச்சீட்டு ஆட்டமாம் அது. பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு பூ அல்லது செடி, ஒவ்வொன்றுக்கும் நாலு சீட்டு. ஆளுக்கு எட்டு கையில், எட்டு நடுவில் மலர்த்தி, மீதி கவிழ்த்து அடுக்கில். கையிலிருக்கும் பூவுக்கு நடுவில் ஜோடி கிடந்தால் அதன்மேல் போட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒன்றைக் கீழே விட வேண்டும். பிறகு அடுக்கிலிருந்து ஒன்றைப் புரட்டி அதற்கும் ஜோடி தேட வேண்டும். எடுத்ததில் சில கூட்டு சேர்ந்தால் புள்ளி. மானும் காட்டுப்பன்றியும் பட்டாம்பூச்சியும் ஒரு கூட்டு. நிலாவும் கள்ளுக்கிண்ணமும் ஒரு கூட்டு. கூட்டு சேர்ந்ததும், போதும் என்று நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம். ‘கொய் கொய்’ என்றால் இன்னும் ஆடுகிறேன் என்று அர்த்தம். அதற்குள் எதிராளி கூட்டு சேர்த்துவிட்டால் நம்முடையது போச்சு.

நிலா எப்படித் தலையணைக்கு அடியில் போனது என்று கேட்டேன். கணவர் திருட்டுமுழி முழித்தார். கிண்ணம் வந்ததும் உருவிச் சேர்க்க ஒளித்து வைத்திருந்தாராம்.

முற்றத்தில் வைத்து அந்தத் தம்பி மெல்லச் சொன்னான். “சேச்சி, நான் வந்த புதுசுல ஒரு நாள் அண்ணன் எங்கிட்ட, எனக்கு இனி ஜீவிக்காண்டாம்னு சொன்னாரு. என்ன பதில் சொல்லன்னு எனக்கு அறியல்ல. ஒரு ஆட்டம் களிச்சிட்டுப் பேசலாம் அண்ணான்னு சீட்ட எடுத்தேன்.”

“ஒளிச்சு வச்சது ஒனக்குத் தெரியுமா?”

“மொதல்நாளே தெரியும். ஒண்ணுமே வேண்டாம்னு சொன்ன மனுசனுக்கு ஜெயிக்கணும்னு ஆசை வந்தாச்சுல்லா. நான் எதுக்குக் கேக்கணும்?”

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்தில் படுத்திருந்த எனக்குச் சொல்லாததை இவர் அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நானோ அவனைத் துரத்தக் கயிறு மந்திரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முகம் கழுவிவிட்டு வந்து அவனை இருக்கச் சொன்னேன். அறை பற்றிப் பிறகு நாங்கள் யாருமே பேசவில்லை. போனில் மகளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “என் தலையிலல்லா சத்தியம், நான் விட்டுத்தந்தாச்சு” என்றாள்.

ஆற்றோடு போன நிலாவுக்குப் பதில், சேலைப்பெட்டி அட்டையை வெட்டி என் பெரிய பொட்டு ஒன்றை நடுவில் ஒட்டிக் கொடுத்தேன். பின்பக்கம் கறுப்பு இல்லாததால் அது யார் கையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். இதை வைத்து எப்படிக் களிக்க என்று கணவருக்கு ஒரே கோபம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் எழுந்து நின்றார். அந்தத் தம்பி விசா வந்து போனபோது சீட்டுக்கட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். இப்போது அவரோடு ஆடுவது நான். சில நாள் காலையில் படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் ஏதாவது ஒரு பூ கிடக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என்னை ஏமாற்றியாவது ஜெயிக்க வேண்டும் என்று அவர் இன்னும் ஆசைப்படுகிறார் என்பதைவிட நிம்மதியான சேதி எனக்கு வேறு ஒன்றும் இல்லை.