விழாத மரம்

என் காலுக்கு அப்போது எட்டு வயது. சும்மா இருக்கத் தெரியாத கால். நாகரசம்பட்டியில் எங்கள் மாந்தோப்பின் இந்த வேலிக்கும் அந்த வேலிக்கும் நாளெல்லாம் ஓடும். சளி என்றுகூட நான் படுத்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனியில், வலது முழங்காலுக்குக் கீழே சுடத் தொடங்கியது. பிறகு வீக்கம், காய்ச்சல்.

“எங்கடி விழுந்த?” என்றாள் அம்மா.

“விழலம்மா.”

“விழாம எப்படி வீங்கும்?”

அப்பா கேட்டார். சித்தி கேட்டாள். பால் ஊற்ற வந்தவரும் கேட்டார். சொல்லி அலுத்துப்போய் மாமரத்தின் ஒரு கிளையைக் காட்டினேன். எல்லார் முகமும் தெளிந்தது. அப்பா அன்றைக்கே அந்தக் கிளையை வெட்டிச் சாய்த்தார், பிஞ்சோடு.

குருபரப்பள்ளிப் பக்கத்தில் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். “எட்டு நாள்ல ஓடும் பாரு பாப்பா.” கட்டுக்குள் கால் கொதித்தது. மூன்றாம் நாள் எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். எனக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது.

“மரத்துல இருந்து விழுந்துட்டாளுங்க,” என்றார் அப்பா.

டாக்டரம்மா எலும்பின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நெசமா விழுந்தியா? தப்பா வைத்தியம் பண்ணா கால் போயிடும்.”

“நான் விழவே இல்ல.”

டாக்டரம்மா அப்பா பக்கம் திரும்பினார். “அப்போ இது அடி இல்ல,” என்றார் அவர். “கிருமி ரத்தத்துல வந்து எலும்புக்குள்ள சீழ் வச்சிருக்கு. நல்லா இருக்கிற பிள்ளைங்களுக்கும் எப்பவாவது இப்படி வரும்.”

“எதனாலங்க?”

“அதைச் சொல்ல முடியாது.”

எலும்பில் துளை போட்டுச் சீழை எடுத்தார்கள். வாரக்கணக்கில் பென்சிலின் ஊசி. கால் மாவுக்கட்டில் கிடந்தது. அதன் ஓட்டம் என் விரல்களுக்கு ஏறி, கட்டில் கம்பியை ஓயாமல் தட்டியது. கால் பிழைத்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா காதருகே குனிந்தாள். “யாராச்சும் கேட்டா மரத்துல இருந்து விழுந்தேன்னே சொல்லு.”

“நீதான பொய் சொல்லாதன்னு அடிப்ப?”

“எலும்புல சீழுன்னா நாளைக்கு உன்னை எவன்டி கட்டுவான்? மரம்னா பரவால்ல.”

என்னைக் கட்டியவருக்கும் மரக்கதைதான் சொல்லப்பட்டது. எதனால் என்ற கேள்வி மட்டும் இந்த வயதிலும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை.

வீடு வந்த அன்று அப்பா நேராகத் தோப்புக்குப் போனார். நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். கிளை வெட்டிய இடத்தில் சாணி பூசிக்கொண்டிருந்தார்.

“அது ஒண்ணும் பண்ணலியே,” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.